நாற்பது மீட்டருக்குக் கீழே நம் வீட்டுக் கூடம்

செல்ஃபோஸ், ஜூலை மாதம்

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா சோல்வேகுக்கு, தம்பி தோர்லாகுர் எழுதுவது. நான் நலம். என் முதுகுவலியும் ஒரு குறையில்லாமல் நலமாகவே இருக்கிறது. உன் முழங்கால்கள் எப்படி இருக்கின்றன?

ஆகஸ்டில் சக்கர நாற்காலியிலாவது வந்து நம் வீட்டின் மேல் ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும், இடத்தைச் சரியாகப் பார்த்து வை என்றாயே, பார்த்துவிட்டேன். படம் இத்துடன் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு படத்துக்காக நேற்று நான் பட்ட பாட்டை உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நம் தெருவை நாற்பது மீட்டர் குழம்புக்கு அடியில் புதைத்த எரிமலை அடங்கிய நாளுக்கு வழக்கம்போல நம் பழைய தெருக்காரர்கள் எல்லோரும் தீவுக்குக் கிளம்பினோம். எல்லோரும் என்ன எல்லோரும், முன்பு பெரிய பஸ் நிறையும், இப்போது வேனே தாராளமாக இருக்கிறது. அதில் என் பக்கத்தில் யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? பக்கத்து வீட்டு ஆஸ்முண்டுரை! வேலி ஒரு அடி தள்ளியிருக்கிறது என்று நம் அப்பாவோடு மல்லுக்கு நின்றவரின் மகனேதான். அந்த வேலியை எரிமலைக் குழம்பு விழுங்கி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இவன் இன்னும் மறக்கவில்லை. கப்பலில் மரியாதைக்கு உலர்ந்த மீனும் வெண்ணெயும் நீட்டினேன். "உங்க வீட்டு மீன்ல என்னைக்குடா உப்பு இருந்துச்சு?" என்று சொல்லிக்கொண்டே முக்கால் பங்கைத் தின்றான்.

தீவில் இறங்கி, குழம்பு இறுகிய மேட்டில் ஏறி, நம் தெருப்பெயர்ப் பலகை நட்டிருக்கும் இடத்திலிருந்து அவரவர் வீட்டுக்கு நடந்தோம். நான் சமதளமான ஓர் இடத்தில் நின்று, இதுதான் எங்கள் கூடம் என்று காபி ஃபிளாஸ்கைத் திறந்தேன்.

"டேய், டேய்! பூட்ஸைக் கழட்டுடா!" என்று கத்தினான் ஆஸ்முண்டுர்.

"எதுக்கு?"

"எங்க கூடத்துல பூட்ஸோட நிக்கிறியே, வெக்கமா இல்ல? எங்கம்மா இருந்திருந்தா தொடப்பத்தாலயே போட்டிருப்பா."

"உங்க கூடமா? உங்க வீடு அதோ, அந்தக் கரட்டு மேட்டுல."

"அது உங்க வீடுடா, கிறுக்கா!"

வேன் ஓட்டி வந்த சைவுன் ஓடி வந்தாள். "ரெண்டு பேரும் கத்தாதீங்க பெரியவங்களே. பழைய தெரு வரைபடம் என் போன்ல இருக்கு" என்று பார்த்துவிட்டு, என் வீடு அதுதான் என்று மேட்டைக் காட்டினாள். போனுக்கு என்ன தெரியும், அது அந்தத் தெருவில் பிறந்ததா என்று நான் ஒரே பிடியாக நின்றேன். மற்றவர்கள் சூப் குடிக்கக் கீழே இறங்கிவிட்டார்கள். காற்றில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். இவனும் போய்விட்டால் இந்த இடத்துக்காக என்னோடு சண்டை போடக்கூட ஆளில்லை என்று திடீரென்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது அக்கா. கண்ணில் சாம்பல் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசியில் நான் நின்ற இடமே நம் வீடு என்று முடிவாயிற்று. ஆஸ்முண்டுர் தோற்றுப் போனான். இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன், இது சத்தியம்.

ஆண்டவன் உன் முழங்கால்களுக்கு வலுவும் உனக்கு நல்ல தூக்கமும் தரட்டும். மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் தம்பி,
தோர்லாகுர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. படத்தில் இருப்பது நம் வீடு இல்லை அக்கா. போன் சொன்னதுதான் சரி. நம் வீடு அந்தக் கரட்டு மேட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஆடுகூட ஏறாது, உன் நாற்காலி எப்படி ஏறும்? அதனால்தான் பிடிவாதம் பிடித்தேன். தனியாக நின்றபோது ஆஸ்முண்டுரிடம் உண்மையைச் சொன்னேன். என் ஃபிளாஸ்கை வாங்கிக் காபியை ஊற்றிக் குடித்தான். பிறகு, "அக்காவ எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வாடா. இதுதான் உங்க வீடுன்னு சொல்லிடு, நான் மூச்சு விடமாட்டேன். எங்கம்மா அறை ஜன்னல் இந்தப் பக்கம்தான், கடல் நல்லாத் தெரியும், அங்க உக்கார வை" என்றான். ஆகஸ்டில் உன் நாற்காலியைத் தள்ள அவனும் வருகிறான்.