ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கக்கூடாது

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டோம். நீங்களும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கண்டியில் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் எனக்குப் பெரிய பதவி: தேத்தண்ணி ஊற்றுவது, கூட்டுவது, துடைப்பது. அங்கே சுவரில் ஒரு திரை உண்டு. எங்கள் ரவுட்டரும் கொழும்பு ரவுட்டரும் எவ்வளவு காலமாகத் தொடர்பு அறாமல் பேசிக்கொண்டிருக்கின்றன என்று அதில் ஓடும். (நானும் என் மனைவியும் ஒரு நேரச் சாப்பாடு முடியும்வரைகூடப் பேசியதில்லை.) தொடர்பு அறுந்தால் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கும். அது ஒரு வருஷத்தைத் தாண்டியிருந்தது. அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து பெரிய ஐயா வருவதாக இருந்தது. பார்த்துத் திருப்தியானால், அதைக் கவனிக்கும் தர்ஷினி மிஸ்ஸுக்கு வேலை நிரந்தரம்.

அவர் வந்த நாள் ஆயுதபூஜை. என் அப்பா ஹந்தானையில் தேயிலைத் தொழிற்சாலை மிஷின்காரர். ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைப்பது பாவம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ரவுட்டரைத் தொடக்கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். தொடவில்லை, அந்த அளவுக்கு நான் அறிவாளி. திரைக்குக் கணக்குக் கொடுக்கும் கம்ப்யூட்டரை மட்டும் நிறுத்தினேன். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி போட்டேன்.

திரையில் வருஷத்தைக் காணோம். சில நிமிஷங்கள்தான் இருந்தன.

வேறு யாராவது என்றால் மிஸ்ஸிடம் ஓடியிருப்பார்கள். எனக்கோ வாயைத் திறந்தாலே வேர்க்கும். ஆகவே இன்னும் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். அந்த இலக்கத்தின் மேல் சோற்றுப் பருக்கையால் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டினேன்.

பெரிய ஐயா சிங்களவர், நல்ல மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டார். பிறகு, "நம்பர் எங்க?" என்றார்.

பிள்ளையார் தானாகவே கழன்று விழுந்து வழிவிட்டார். மிஸ்ஸின் முகம் வெளுத்தது.

"அண்ணே, என்ன செஞ்சீங்க?"

"பொட்டு வச்சேன், மிஸ். கம்ப்யூட்டர நிப்பாட்டித்தான் வச்சேன்."

மிஸ் ரவுட்டருக்குள்ளேயே போய்ப் பார்த்தார். தொடர்பு அறுந்திருக்கவே இல்லை. திரை காட்டி வந்ததைவிட அது மூத்த தொடர்பு.

"ஐயா, இந்தத் திரைக்குக் கணக்குக் குடுக்கிற சொப்ட்வெயார், கம்ப்யூட்டர் முழிச்ச நேரத்துல இருந்துதான் எண்ணுது. ரவுட்டர்கிட்ட கேக்கிறதே இல்ல. ஒரு வருஷமா பிழையாத்தான் காட்டியிருக்கு."

"ஒரு வருஷமா யாருமே கண்டுபிடிக்கல்லியா?"

"யாரும் அத நிப்பாட்டல, ஐயா. தொடைக்கவும் இல்ல."

ஐயா மெதுவாக என் பக்கம் திரும்பினார். துடைக்க வேண்டிய பதவியில் இருந்தது நான்தானே.

ரவுட்டரிடமே கேட்டுக் காட்டும்படி மிஸ் அன்றே அதைத் திருத்தினார். அவருக்கு வேலை நிரந்தரமானது. எனக்கும் வீட்டில் ஒன்று நிரந்தரமானது. பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் போதும், மனைவி கேட்பாள்:

"எந்திரிச்சிட்டீங்களா? நமக்குக் கல்யாணமாகி இப்ப எத்தன நிமிஷம்?"

இதை எழுதி முடித்தது இந்த வருஷ ஆயுதபூஜைக்கு முதல் நாள். பேனாவை மூடி வைக்கிறேன். நாளைக்கு அதற்கும் பொட்டு உண்டு.