காந்தத்தின் கரிநாக்கு

அடுத்தவன் வண்டி உடைய வேண்டும் என்று தினமும் குளித்து, நீறு பூசி, மனமுருகச் சாமி கும்பிட்ட ஒரே மனிதனை நான் கள்ளக்குறிச்சியில்தான் பார்த்தேன். கெட்டவன் இல்லை. ஆராய்ச்சி மாணவன்.

விதைக் கம்பெனி ஒன்றின் விற்பனையாளராக அந்த ஊரில் சில வருடங்கள் காலம் தள்ளினேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை. எதிர் அறையில் அவன். அவனுடைய சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவன் காந்தம். சட்டைப் பையில் அடியில் காந்தம் வைத்த ஒரு சின்னக் கருவி எந்நேரமும் இருக்கும். அதனால் பைக்கு வெளியே ஊக்கு, பிளேடு, யார் வீட்டுச் சாவியோ ஒன்று என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். அவன் டீ குடித்துவிட்டுப் போனதும் கடைக்காரர் ஒருமுறை ஸ்பூன்களைச் சரிபார்த்துக்கொள்வார்.

அந்தக் கருவியை ஓடுகிற இயந்திரத்தில் ஒட்டினால் அதன் அதிர்வு ஒயர் வழியாக லேப்டாப்பில் கோடுகளாக விழும். கியர்பாக்ஸுக்குள் சுழலும் பல்சக்கரத்தில் முடியளவு விரிசல் விடும்போதே, எந்தக் காதுக்கும் எட்டாத அந்த மாற்றத்தைப் பிடித்துவிட வேண்டும். இதுதான் அவனுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. கஷ்டம் என்னவென்றால் அவனிடம் இருந்ததெல்லாம் ஆரோக்கியமான கியர்பாக்ஸ்களின் கோடுகள். அரத்தால் ராவிப் பல்லைக் கெடுத்துப் பதிவு செய்து கொண்டுபோனான். வழிகாட்டிப் பேராசிரியர் தூக்கிப் போட்டுவிட்டார். தானாக விட்ட விரிசல் வேண்டுமாம். அது வளர்ந்து, கடைசியில் பல் உடைகிற வரைக்கும் பதிவு வேண்டுமாம்.

நைனார்பாளையத்தில் கூலி வேலைக்குப் போகும் அவன் அம்மா மாதத்தில் ஒருநாள் மகனைப் பார்க்க வருவார். வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"எப்பதாண்டா முடிப்ப?"

"ஒரு வண்டி கியர்பாக்ஸ் உடையணும்மா. உடைஞ்சா முடிஞ்சிரும்."

"அய்யய்யோ! யார் வூட்டு வண்டிடா?"

லாட்ஜே சிரித்தது. நானும்தான்.

கோடுகளுக்காக அவன் ஒட்டாத இடமில்லை. லாட்ஜின் தண்ணீர் மோட்டாரில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "இது பொங்கல் தாண்டாதுங்க" என்று மேனேஜரிடம் சொன்னான். தாண்டவில்லை. பேரிங்கை மாற்றாமல் விட்ட மேனேஜர், மோட்டார் புகைந்ததும் பூசணிக்காய் உடைத்தார். "கரிநாக்குப் பையன், வாய வெச்சான், போய்ச் சேந்துச்சு!" அடுத்து மெஸ்காரரின் கிரைண்டர். அதுவும் சொன்னபடியே நின்றது. அதற்குப் பிறகு மெஸ்ஸில் அவனுக்கு வாசலிலேயே பார்சல் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இயந்திரம் கெடப்போவது தெரிந்து சொல்கிறான் என்று ஒருவரும் நினைக்கவில்லை. இவன் சொல்வதால்தான் கெடுகிறது என்றே ஊர் முடிவு கட்டியது.

கடைசியில் கல்வராயன் மலை அவனுக்குக் கண்ணைத் திறந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று. ஓட்டுவது வடக்கனந்தல் ஏழுமலை, நல்ல மனுஷன். "ஒட்டிக்கோ சாரே, வண்டி இன்னா தேஞ்சா பூடும்?" என்று இடம் கொடுத்தார். மலை ஏறி இறங்குகிற வண்டியில் கியருக்கு ஓய்வே கிடையாது. ஒருநாள் காந்தம் லாட்ஜ் மாடிப்படியைத் தாவித் தாவி ஏறி வந்தான்.

"ண்ணா, விரிசல் உட்டுருச்சுண்ணா! தானா உட்டுருச்சு!"

குழந்தை பிறந்த மாதிரி எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தான். தினமும் மலைக்குப் போனான். கோடு மெல்ல மெல்ல உயர்ந்தது. ஆனால் அது உயர உயர அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. சந்தை நாளில் அந்த ஜீப்பில் பின்னால் தொங்கிக்கொண்டு போன பெண்களைப் பார்த்துவிட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான்.

"இன்னும் கொஞ்ச நாள் அப்டியே உட்டா என் தீசிஸ் முடிஞ்சிரும்ண்ணா."

"உட்டா?"

"எதனா ஒரு வளைவுல பல்லு உடையும். கியர் கழண்டுக்கும், இல்லன்னா பூட்டிக்கும். எறக்கத்துல வெறும் பிரேக்க நம்பி எவ்ளோ தூரம் போவும்?"

தேம்பித் தேம்பி அழுதான். காலையில் நேராக ஏழுமலையிடம் போய்ச் சொல்லிவிட்டான். அவர் கேட்கவில்லை. "வண்டி நல்லா ஓடிக்கினு கீது. உன் கரிநாக்க எங்கிட்ட காட்டாத" என்று கருவியைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தார். அடுத்த சந்தை நாளில் ஜீப் நிறைய ஆள் ஏறியதும் காந்தம் முன் சக்கரத்துக்கு நேராகப் போய்ப் படுத்துக்கொண்டான்.

நான் அன்றைக்கு விதை மூட்டையோடு அங்கேதான் இருந்தேன். "குடிச்சிக்கினு வந்து கலாட்டா பண்றான்" என்று ஆளுக்கு ஆள் மொத்தினார்கள். சட்டை கிழிந்து, அதிலிருந்து தெறித்த கருவி போய்ப் பம்பரில் ஒட்டிக்கொண்டது. உதடு வீங்கிய நிலையிலும், "எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க" என்பதைத் தவிர அவன் வேறெதுவும் பேசவில்லை.

கூட்டத்தை விலக்கியது ஏழுமலையின் மனைவி. "கரிநாக்குக்காரன் உயிர வுட்டு சொல்றான். இத்த மாத்தாம நீ மலையேறக் கூடாது, ஆமா!" மூன்று வருடப் படிப்பும் லேப்டாப்பும் சொல்லி நடக்காத காரியம் அந்த அம்மாளின் பயத்தால் நடந்தது. ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸைப் பிரித்தார்கள். எண்ணெயைத் துடைத்தால் சக்கரங்கள் பளபளவென்று இருந்தன. காந்தம் ஒரு பல்லைத் தொட்டு, "இதோட அடியிலதான்" என்றான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏழுமலை சலித்துக்கொண்டே புதுச் சக்கரம் வாங்கிப் போட்டார்.

"பழச எனக்குக் குடுத்துருங்க" என்று கெஞ்சினான் காந்தம்.

"புதுசும் என்னுது, பழசும் என்னுது."

"அப்ப ஒடைச்சுப் போட்டுருங்க."

"நல்லாத்தான கீது? அத்த இன்னாத்துக்கு ஒடைக்கணும்?"

கண்ணுக்கு நன்றாக இருக்கிற சாமானை எங்கள் பக்கம் யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஏழுமலையின் மச்சான் கோவிந்தன் மலைமேல் அதே மாதிரி ஒரு ஜீப் வைத்திருந்தான். அவன் வண்டியில் அந்தப் பல்சக்கரம் தேய்ந்து போயிருந்தது. நல்ல சக்கரத்தை வீணாக்க வேண்டாம் என்று தங்கச்சி புருஷனுக்குப் பிரியமாகக் கொடுத்தார் ஏழுமலை. காந்தத்துக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது.

புளி மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஒரு வளைவில் கோவிந்தன் போய்விட்டான். வண்டியில் வேறு யாரும் ஏறவில்லை என்பதைத் தவிர ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை. சாவு வீட்டுக்குப் போன காந்தத்தை, "உன் நாக்குதாண்டா அவனத் தின்னுச்சு" என்று வாசலிலேயே மறித்துத் துரத்தினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் ஏழுமலை லாட்ஜுக்கு வந்தார். துண்டில் சுற்றிக் கொண்டுவந்த பல்சக்கரத்தைக் காந்தத்தின் காலடியில் வைத்தார். ஒரு பல் அடியோடு போயிருந்தது.

"நீ தொட்டுக் காட்டின அதே பல்லுதான் சாரே. என் தங்கச்சி தாலிய நானே அறுத்துட்டேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காந்தம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "விரிசல கண்டுபுடிச்சேன். அந்தச் சக்கரம் எங்க போச்சுன்னு நான் பாக்கலியே" என்றான்.

விஷயம் தெரிந்து பேராசிரியர் போனில் அழைத்தார். அவர் குரலில் இருந்த உற்சாகம் எதிரில் நின்ற எனக்கே கேட்டது. இயற்கையாக விட்ட விரிசல், வளர்ந்த பதிவு, உடைந்த பல். இதற்கு மேல் என்ன வேண்டும், ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்தால் பட்டம்தான் என்றார். காந்தம் முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

"எங்கம்மா அன்னிக்கே கேட்டாங்கண்ணா, யார் வூட்டு வண்டின்னு."

அன்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் சம்மட்டி வாங்கி அந்தச் சக்கரத்தில் மிச்சமிருந்த பற்களையும் அடித்து உடைத்தான். பல் போன சக்கரத்தை யாரும் மாட்டப் போவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கை கொப்பளித்து ரத்தம் வரும்வரை அடித்தான். அந்த மாதத்திலேயே அறையைக் காலி செய்துகொண்டு போனான். தெற்கே எங்கோ காற்றாலைகளின் கியர்பாக்ஸைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெயருக்கு முன்னால் டாக்டர் இல்லை.

என்னிடம் ஒரு கிழட்டு பைக் இருந்தது. வாரம் தவறாமல் அதில்தான் மலை ஏறுவேன். எல்லாவற்றிலும் ஒட்டிய அந்தப் பயல் என் வண்டியை மட்டும் தொட்டதே இல்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு வருத்தம். போன வருடம் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் என்ஜினுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"சார், கியர்பாக்ஸ் அடியில போல்ட்டு மேல காந்தம் ஒண்ணு ஒட்டிக்கினு கீதுங்க. ஒயர் அந்து தொங்குது. சேறு மூடி ரொம்ப நாளா இருக்கும்போல. புடுங்கிப் போட்டுடட்டுங்களா?"

நான் குனிந்து பார்த்தேன். பிறகு, அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.