தளபதி விமானத்தைக் காணோம்

அலமாரியில் இருந்த தீப்பெட்டிகளை எல்லாம் பன்னீர்செல்வம் திறந்து பார்த்துவிட்டார். பெட்டிக்கு ஒன்றாக எல்லாப் போர்விமானங்களும் இருந்தன. வர்ணம் காயட்டும் என்று ஒரு மாதமாகத் தொடாமல் வைத்திருந்த தளபதியைத்தான் காணோம்.

கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார்.

"என்னாங்க, எதுனா காணாம பூட்டுதா?" சமையலறையிலிருந்து உண்ணாமலை கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. சும்மா."

"சும்மாவா கட்டிலுக்கு அடியில பூந்துகினு கீறீங்க?"

பன்னீர்செல்வம் ஆரணியில் ஓர் அரிசி மில்லில் ரைட்டர். பகலில் மூட்டை எண்ணுவார். சாயங்காலம் பூதக்கண்ணாடியும் அணில்முடித் தூரிகையுமாக உட்கார்ந்து, கட்டைவிரல் நீளமுள்ள ஈய விமானங்களுக்கு வர்ணம் பூசுவார். மேலே பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக, வயிற்றில் வெளிர்நீலம், இறக்கையில் மூவர்ண வட்டம். விமானப்படையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற சேவூர் அருணாச்சலம்தான் எதிரி நாடு. ஞாயிற்றுக்கிழமை மேஜைமேல் இரண்டு படைகளையும் நிறுத்தித் தாயக்கட்டை உருட்டுவார்கள். எண் சரியில்லாதவர் விமானம் விழும். எண்பத்திரண்டாம் வருடம் முழுக்க விழுந்தது பன்னீர்செல்வம்.

கட்டிலுக்கு அடியில் தலை இடித்தபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

போன மாதம் இதே மேஜையில் அவர் தளபதிக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது உண்ணாமலை வந்து நின்றாள்.

"சந்தவாசல்ல தம்பி கல்யாணம். எனக்குப் பட்டுச்சேலை நெய்யச் சொல்றேன்னீங்களே."

"உம்."

"கலர் சாம்பிள் தீப்பொட்டியில வெச்சி அலமாரியில வெக்கறேன். முள்ளிப்பட்டு தறிக்காரரு திருமலை கையில குடுத்துடுங்க."

"உம்."

"என்னா கலருன்னு கேக்க மாட்டீங்களா?"

"உம்."

ஆரணிப் பக்கம் கலரை வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவர் கிளிச்சிறகு கொண்டுவருவார். இன்னொருவர் வெங்காயத்தோல் கொண்டுவருவார். கொண்டுவந்தது எதுவானாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் அதை நூலில் ஏற்றிக் காட்டுவதுதான் சாயம் போடுகிறவருக்குப் பெருமை. மறுநாள் அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திருமலையிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார் பன்னீர்செல்வம். திறந்து பார்க்கவில்லை.

அவர் முள்ளிப்பட்டுக்கு டவுன் பஸ் பிடித்தார்.

திருமலையின் தறிக்கு முன்னால், ஒரு நூலில், தளபதி விமானம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பாதிச் சேலை தயாராக இருந்தது. உடல் பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக. கரை வெளிர்நீலம். நடுவில் பூவேலை வரவேண்டிய புட்டா ஒவ்வொன்றிலும் மூவர்ண வட்டம்.

"வா சார். எப்படிக் கீது?" திருமலை தறிக்குழியிலிருந்து எழுந்தார். "இந்தத் திட்டு வரதுக்கு நூலைக் கட்டிக் கட்டி சாயத்துல முக்கினோம். வீட்ல எல்லாருக்கும் கை பச்சையாயிட்ச்சி. இத்தினி வருசத்துல இப்படி ஒரு சாம்பிள் வந்ததே இல்ல சார்."

பெட்டி மாறிவிட்டது என்று சொல்லத்தான் பன்னீர்செல்வம் வாயைத் திறந்தார். திருமலையின் மனைவியும் இரண்டு மகள்களும் வரிசையாக நின்று பச்சைக் கைகளைக் காட்டினார்கள்.

"ரொம்ப நல்லா கீது," என்றார். ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, "முந்தியில கொஞ்சம் ஜரிகை போட்டா கல்யாணக் களை வரும்," என்றும் சேர்த்தார்.

அடுத்த வாரம் துணைக்கு அருணாச்சலத்தை அழைத்துப் போனார். முந்தியில் மூன்று தங்கப் பட்டைகள் பளபளத்தன. அருணாச்சலம் தம்மை அறியாமல் விறைப்பாக நின்றார்.

"மூணு பட்டை. விங் கமாண்டர்யா இது. இத்தக் கட்டிகினு உன் வீட்டுக்காரம்மா எதிர்ல வந்தா நான் சல்யூட் வெச்சே ஆவணும்."

"பேஜார் பண்ணாதய்யா. வழி சொல்லு."

"ஜல்தியா ஒரு டம்மிய எறக்கு. எதிரி அத்தப் பாத்துகினு இருக்கும்போது நிஜத்தைப் பதுக்கிடு."

எதிரியிடம் யோசனை கேட்கக் கூடாது என்பது அந்த நேரத்தில் பன்னீர்செல்வத்துக்குத் தோன்றவில்லை. நேராகக் கடைத்தெருவில் ஒரு சேலைக்கடைக்குப் போனார்.

"வீட்டுக்காரம்மாவுக்கு என்னா கலர் புடிக்கும் சார்?" என்றார் கடைக்காரர்.

பன்னீர்செல்வம் யோசித்தார். தம் படையில் எந்த விமானத்தின் வாலில் எந்த இடத்தில் வர்ணம் உதிர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உண்ணாமலை இன்று காலை கட்டியிருந்த சேலை? வர்ணக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் காப்பி டம்ளரை வைத்த கை ஞாபகம் வந்தது. கண்ணாடி வளையல், இரண்டு. அதற்கு மேல் எவ்வளவு முயன்றும் ஞாபகம் ஏறவில்லை.

கடைக்காரர் இரக்கப்பட்டு அரக்குச் சேலை ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்.

அன்று இரவு சாப்பிடும்போது நைசாகக் கேட்டுப் பார்த்தார். "உனக்கு எந்தக் கலர் ரொம்பப் புடிக்கும் உண்ணாமலை?"

"ஏன், தீப்பொட்டியில வெச்சிருந்தனே," என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு சேலைதான்.

கல்யாணத்துக்கு முதல்நாள் திருமலை சைக்கிளில் சேலையோடு வருவதைத் தெருமுனையிலேயே மடக்கினார். வீட்டு வாசலில் உண்ணாமலை நின்றிருந்தாள். அவர் அவசரமாக அரக்குச் சேலையைப் பையிலிருந்து எடுத்தார்.

"திருமலை, இத்தத்தான் நெய்ஞ்சேன்னு சொல்லிக் குடுத்துடு. உன் வேலைல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் பொட்டிய மாத்திக் குடுத்துட்டேன். அந்த விமானம் என்னோடது. அவ வெச்ச சாம்பிள் வேற."

திருமலை சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். அரக்குச் சேலையைத் தொடவில்லை. வாசலைப் பார்த்தார், பிறகு பன்னீர்செல்வத்தைப் பார்த்தார்.

"பொட்டி மாறல சார். நீ குடுத்துட்டுப் போன மறுநாளே அக்கா வந்து பாத்துட்டாங்க. 'பொட்டியில விமானத்த வெச்சது நான்தான். அப்படியே இத்த மாதிரியே நெய்ங்கண்ணே, அந்த மனுசன் பூதக்கண்ணாடிய வெச்சிகினு என்னையும் ஒரு வாட்டி பாக்கட்டும்'னு சொல்லிட்டுத்தான் போனாங்க."