பனி விழுகிற ஊரில் பனைமரம்

சுருளிப்பட்டி,
மாசி மாதம், 2004.

பழனிசெட்டிபட்டி இரும்புக்கடை உயர்திரு. முத்துவீரன் அவர்கள் சமூகத்துக்கு, சுருளிப்பட்டி தென்னந்தோப்பு சண்முகராஜ் தலை நிமிராமல் எழுதிக்கொள்வது. முதலில் 'அன்புள்ள சம்பந்தி' என்றுதான் எழுதினேன். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் தாளைக் கிழித்துவிட்டு 'ஐயா' என்று ஆரம்பித்தேன். அது மின்வாரியத்துக்கு மனுப் போடுகிற மாதிரி இருந்தது. ஆகையால் பேரோடு நிறுத்தியிருக்கிறேன். இங்கே நானும் என் மனைவி பவுனுவும் மகள் முல்லைக்கொடியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மா, எனக்குத் தங்கச்சி முறையான கஸ்தூரியம்மாளும், தங்கள் மகன் இனியன் தம்பியும் சௌக்கியமாக இருக்க சுருளி வேலப்பரை வேண்டிக்கொள்கிறேன். என்னைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு வந்தால் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேசவும்.

தை மாதம் என் பொண்ணுக்குப் பூ வைக்க நீங்கள் வேன் பிடித்து வந்த அன்று நடந்தது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் கையால் ஒரு முறை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்பதை எனக்கு வசதியான மாதிரி நானே மாற்றிக்கொள்வேன். பந்திக்கு இலை போட்டாகிவிட்டது, பூ வைக்கிற நேரத்துக்குக் காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் போட்டோ கைக்குக் கை மாறி என்னிடம் வந்தது. முல்லைக்கொடிக்கென்று நீங்கள் முன்னமே கொடுத்தனுப்பிய அதே போட்டோதான். பொம்பளைகள் கையிலேயே இருந்ததால் நான் அதுவரை சரியாகப் பார்க்கவில்லை. கடற்கரையில் ஒரு பெஞ்சு, அதில் ஸ்வெட்டரோடு தம்பி, அவர் தலைக்குப் பின்னால் ஓலை விரித்துக்கொண்டு ஒரு மரம். "இது எந்த ஊரு தம்பி?" என்று கேட்டேன். அவர் மரியாதையாக எழுந்து நின்று, "டார்க்கி மாமா" என்றார். "துருக்கியா? இங்கிலாந்து ஆஸ்பத்திரியில நர்சு வேலைன்னுல்ல சொன்னாக?" "இங்கிலாந்துதான் மாமா. டார்க்கின்னு தெக்குக் கடலோரத்துல ஒரு ஊரு." "அங்கன பனி விழுமா?" "எப்பயாச்சும் விழும் மாமா." "பனி விழுற ஊர்ல பனையா?" என்றேன். சபை சிரித்தது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. ஒருத்தரும் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் பேசாமல் சாப்பிட உட்கார்ந்திருப்பேன்.

சிரித்துவிட்டார்களே என்று நான் மேலே மேலே போனேன். பிறந்ததிலிருந்து தென்னைக்கு நடுவில் கிடக்கிறவன் நான், போடிமெட்டு ஏறும்போதே தென்னை நின்றுவிடும், மூணாறில் ஒரு கீற்றைக் காட்டினால் என் தோப்பையே எழுதிக் கொடுக்கிறேன், தென்னைக்கு ஆகாத குளிர் பனைக்கு மட்டும் எப்படி ஆகும், கடற்கரையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதே வேஷம், இது கேரளாவில் இருக்கிற கோவளம், தம்பி அங்கே ஏதோ ஓட்டலில் வேலை பார்க்கிறார் என்று, சந்தையில் தேங்காய் ஏலம் விடுகிற குரலில் சொல்லி முடித்தேன். நீங்கள் எழுந்தீர்கள். "எம் மகன் பொய் சொல்றான்கிறீகளா?" என்று கேட்டீர்கள். "மரம் பொய் சொல்லாதுங்கிறேன்" என்றேன். அன்றைக்கு அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமான பதிலாக எனக்குத் தோன்றியது. தங்கச்சி கஸ்தூரியம்மாள் மல்லிகைச் சரத்தைத் திரும்ப வாழை இலையில் சுற்றிக்கொண்டார். தாம்பாளங்கள் வந்த வழியே வேனுக்குப் போயின. எல்லாருக்கும் கடைசியாக இனியன் தம்பி வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "வர்றேன் மாமா" என்றார். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வைதுவிட்டுப் போயிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் தூக்கம் கெட்டிருக்காது.

அதற்குப் பிறகு வீட்டில் என்னிடம் யாரும் பேசவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. "நான் அப்படி என்ன தப்பாச் சொல்லிட்டேன்" என்று நான் கேட்டால் பவுனு மிக்சியைப் போட்டுவிடுவாள். சரி, கையோடு அத்தாட்சியைக் கொண்டுவந்து காட்டிவிட்டால் வாயடைத்துப் போவார்கள் என்று, கோவளத்துக்கே போய் அந்தப் பெஞ்சைக் கண்டுபிடிப்பதென்று முடிவு செய்தேன். போட்டோ முல்லைக்கொடியின் தலையணைக்கு அடியில் இருந்தது. கல்யாண வயதுப் பொண்ணின் தலையணைக்கு அடியில் கை விட்டு எடுத்தவன் நான். எடுத்தபோது, இது ஏன் இன்னும் இங்கே இருக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கம்பத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கிற அப்துல் காதர் பாய் மலையாளம் நன்றாகப் பேசுவார் என்பதால் அவரையும் இழுத்துக்கொண்டு குமுளி பஸ்ஸில் ஏறினேன். மலை ஏறும்போது பாய் மெதுவாக, "ஒருவேள நீங்க சொன்னது தப்பா இருந்தா என்ன செய்வீக?" என்றார். "மரத்துல எனக்குத் தப்பு வராது பாய்" என்றேன். அவர் குமுளியில் ஒரு பொட்டலம் நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிக்கொண்டார். கோட்டயம் வரைக்கும் அதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தார்.

கோவளத்தில் இறங்கிய பிறகு நான் பட்ட பாட்டை ஒரு சம்பந்திக்கு எழுதக் கூடாது, இருந்தாலும் எழுதுகிறேன். கடற்கரை முழுக்க வெள்ளைக்காரர்கள் பேருக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, கையில் ஒரு இளவட்டத்தின் போட்டோவை வைத்துக்கொண்டு, அவர்களைப் பார்க்கக் கூடாதென்று குனிந்தபடியே ஒவ்வொரு பெஞ்சாகப் போய் ஒப்பிட்டுப் பார்த்தேன். குனிந்தே நடந்ததில் ஒரு வெள்ளைக்காரர் காலை மிதித்துவிட்டேன். கடற்கரைக் காவலர் விசில் ஊதிக்கொண்டு வந்து, யார் இந்த ஆள், இங்கே என்ன வேலை என்று பாயிடம் மலையாளத்தில் விசாரித்தார். என்னைக் காப்பாற்ற பாய், பையனைத் தேடுகிறார் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். காணாமல் போன மகனைத் தேடி மலை தாண்டி வந்த தமிழ்நாட்டுத் தகப்பன் என்று நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. டீக்கடைச் சேச்சி ஒருத்தர் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, "மோன் வரும், கரயண்டா" என்று, அதாவது மகன் வந்துவிடுவான் அழ வேண்டாம் என்று, முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே டீ கொடுத்தார், காசும் வாங்கவில்லை. ஒருத்தர் மகனைப் பொய்யன் என்று விரட்டிவிட்டு, அந்தப் பிள்ளையையே என் காணாமல் போன மகனாக்கி, அதற்கு ஒரு டீயும் வாங்கிக் குடித்தேன். டீ நன்றாக இருந்தது என்பது இன்னும் கேவலம்.

அந்தக் கூட்டத்தில் துணிக்கடைக்காரர் ஒருத்தருக்கு இங்கிலீஷ் தெரியும். அவர் உதவி செய்கிறேன் என்று போட்டோவை வாங்கிக்கொண்டு வெள்ளைக்காரர்களிடம் காட்டப் போனார். டீக்கடைக்குப் பக்கத்திலேயே ஒரு குடைக்குக் கீழே புத்தகம் படித்துக்கொண்டிருந்த வயதான அம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவைப் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் "டார்க்கி" என்றார். இனியன் தம்பி எங்கள் வீட்டுக் கூடத்தில் எப்படிச் சொன்னாரோ அதே உச்சரிப்பு. அந்தம்மாவுக்கு அதுதான் ஊராம். அந்தப் பெஞ்சில்தான் சாயங்காலம் உட்காருவாராம். அந்தம்மாவே புத்தகத்தை மூடிவிட்டு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எழுந்து வந்தார். அவர் இங்கிலீஷில் சொல்ல, துணிக்கடைக்காரர் மலையாளத்தில் சொல்ல, பாய் தமிழில் சொல்ல, என் மானம் இப்படி மூன்று பாஷையில் கப்பலேறிக்கொண்டிருந்தபோது, பாய், "இந்த மரம் நெசப் பனை இல்லயாம், நியூசிலாந்துல இருந்து வந்த வேற ஏதோ சாதியாம், ஊர்க்காரங்க சும்மா பனைன்னு கூப்பிடுறாகளாம்" என்றார். நான் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "பாத்தீகளா பாய், நான்தான் சொன்னேன்ல" என்றேன். பாய் கையைக் காட்டினார். "உக்காருங்க, அந்தம்மா இன்னும் முடிக்கல."

அந்தம்மா வீட்டு வாசலிலேயே அசல் பனைச் சாதி ஒன்று நிற்கிறதாம். சீனாவில் மலைமேல் இருக்கிற மரமாம், அடிமரம் முழுக்கச் சணல் மாதிரி நார் சுற்றி, கம்பளி போர்த்திக்கொண்ட ஆள் போல இருக்குமாம். விசிறி ஓலைமேல் பனி கொட்டிக் கிடந்தால் காலையில் துடைப்பத்தால் தட்டிவிடுவாராம், மரத்துக்கு ஒன்றும் ஆகாதாம். எங்கிருந்தோ ஒரு வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் வந்து அந்தக் கரையைக் கடுங்குளிரிலிருந்து காப்பாற்றுகிறதாம். அங்கே மட்டும் இல்லையாம், சுவிட்சர்லாந்தில் பனிமலைக்கு அடிவாரத்து ஏரிக்கரையில்கூட அந்த மரம் தன்னால் முளைத்துக் காடாகப் போகிறதாம். பாய் ஒவ்வொரு ஊராகச் சொல்லச் சொல்ல நான் உட்கார்ந்த இடத்திலேயே குறுகிக்கொண்டிருந்தேன். எனக்கு உலகம் போடிமெட்டோடு முடிந்திருந்தது.

பிறகு அந்தம்மா, பையன் எப்போது காணாமல் போனான் என்று விசாரித்தார். இதற்கு மேல் பொய் வேண்டாமென்று பாய் உள்ளதைச் சொல்லிவிட்டார். மலையாளத்தில் கேட்டதுமே டீக்கடைச் சேச்சி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இங்கிலீஷில் கேட்டதும் அந்தம்மா மணலில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் சிரித்தார். சிரித்து முடித்து ஏதோ ஒன்று கேட்டார். துணிக்கடைக்காரர் அதை பாயிடம் சொன்னார். பாய் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு கேக்குறாக." எல்லாம் செய்தேன், மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது முல்லைக்கொடி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஆத்தா, அந்தத் தம்பி சொன்னது நெசந்தான். அப்பாதான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன். அவள் கையை நீட்டினாள். போட்டோவைக் கொடுத்தேன். ஓரத்தில் டீக்கறை பட்டிருந்தது. தாவணி நுனியால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. "பனைக்குக்கூட அங்கன..." என்று நான் கோவளத்தில் கேட்டதையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தேன். "விடுங்கப்பா" என்றாள். "அந்தப் போட்டோவுல நான் மரத்தப் பாக்கவே இல்ல." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பவுனு வந்து, "வெயில மறைக்காதீக, துணி காயட்டும்" என்றாள்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். தம்பி இங்கிலாந்து திரும்புமுன் நீங்கள் ஒரு நாள் சொல்லுங்கள். அன்றைக்கு வந்திருந்த அதே சனங்களை நான் திரும்பக் கூட்டிவைக்கிறேன். அதே கூடத்தில், அன்றைக்குப் பேசிய அதே குரலில், நான் சொன்னது அத்தனையும் தப்பு என்று சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தோட்டத்துக்குப் பின்னால் நின்று தனியாக மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுலபம், ஆனால் நான் அவமானப்படுத்தியது சபையில். நீங்கள் வர மனமில்லை என்றால் நானே பழனிசெட்டிபட்டிக்கு வந்து உங்கள் கடை வாசலில் நிற்கிறேன். என் மேல் இருக்கிற கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். பொண்ணு ஒரு பாவமும் செய்யவில்லை.

தங்கச்சிக்கு என் கும்பிடு. தம்பி எந்தக் கடலோரத்தில் இருந்தாலும் அவருக்குக் குளிர் தெரியாமல் இருக்கட்டும். உங்கள் கடையில் வியாபாரமும் வீட்டில் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். என் வாய்க்கு மட்டும் வேலப்பர் ஒரு பூட்டுப் போடட்டும்.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத
சண்முகராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் பவுனுவிடம் படித்துக் காட்டினேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "தேதி குறிச்சாச்சே, இனி எதுக்கு இது?" என்றாள். நான் தோப்புக்குப் போகிற நேரமெல்லாம் அவளும் தங்கச்சி கஸ்தூரியம்மாளும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்களாம். நான் கோவளத்தில் குனிந்து நடந்துகொண்டிருந்த அன்றே வருகிற வெள்ளிக்கிழமை பூ வைப்பதென்றும் ஆவணியில் கல்யாணமென்றும் முடிவாகிவிட்டதாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், "கொஞ்ச நாளைக்கு வேகட்டும்னு விட்டோம்" என்கிறாள். அது போகட்டும். இன்னொன்றும் சொன்னாள். அந்தப் போட்டோ தபாலில் வந்த அன்று, தாங்களே அதைத் தங்கச்சியிடம் காட்டாமல் கடைக் கல்லாவில் ஒளித்துவைத்து, 'பய கேரளாவுலதான் இருக்கானோ' என்று சந்தேகப்பட்டு, தம்பி போன் பண்ணியபோதெல்லாம் "அங்கன இப்ப மணி என்னடா?" என்று கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தீர்களாமே. இது நிஜமென்றால், சம்பந்தி, என் பேருக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். தாங்களும் ஒரு கையெழுத்துப் போட்டு, இந்தக் கடிதத்தை நம் இரண்டு பேருடையதாக இனியன் தம்பியிடம் கொடுத்துவிடவும்.