ஏஜெண்டின் கடிதமும் தெரு தின்ற போளியும்

நாவல் எழுதுகிறவர்களுக்கு நிராகரிப்பு சகஜம். தனியாக அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொள்வார்கள். நான் மட்டும்தான் என் நிராகரிப்புக்கு ஆள் கூட்டி, போளியும் பாயசமும் பரிமாறியவள்.

அப்போது திருவனந்தபுரத்தில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியைப் பற்றி நாவல் எழுதியிருந்தேன். (போனக்காட்டுக்கு ஒரே ஒருமுறை அலுவலக டூரில் போயிருக்கிறேன். அன்றும் பாதி நேரம் வாந்தி.) நானே அதை ஆங்கிலமாக்கினேன். எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசும் ஏஜெண்டுகள் சிலருக்கு அனுப்பினேன். மூன்று பேர் பதிலே போடவில்லை. அவர்களுக்கு ரசனை இல்லை என்று முடிவுகட்டிவிட்டு, டெல்லியில் ஓர் அம்மையாருக்கு அனுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கைபேசியில் அவருடைய மெயில் எட்டிப் பார்த்தது. “உங்கள் நாவலை மிகுந்த ஆர்வத்துடன் வாசித்தேன்...” அதற்குமேல் திரையில் இடமில்லை. திறந்து படித்திருக்கலாம். ஆனால் இப்பேர்ப்பட்ட கடிதத்தை ஃபைல் கட்டுகளுக்கு நடுவிலா திறப்பது? கணவருக்கு மட்டும் போன் செய்தேன். பஸ்ஸில் வரும்போது ஏற்புரை தயாரித்தேன்.

வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலெல்லாம் செருப்பு.

“எல்லாரையும் விளிச்சிருக்கேன்ட்டி,” என்றார் கணவர். தெருவையே அழைத்து உட்காரவைத்து, போளிக்கும் பாயசத்துக்கும் ஏற்பாடு செய்திருந்தார்.

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த என் அண்ணன், எல்லார் முன்பும் கடிதத்தைத் திறந்து வாசிப்பதாக ஏற்பாடு. வகுப்பெடுக்கும் குரலில் முதல் வரியை வாசித்தார். அடுத்து, “அன்ஃபார்ச்சுனேட்லி...” என்று நிறுத்தினார். இங்கிலீஷ் அவ்வளவாகப் பிடிபடாத என் கணவர் அந்த இடைவெளியில் கை தட்டினார். தெருவும் சேர்ந்து தட்டியது.

“பொறும் மாப்ளே,” என்றார் அண்ணன். மீதியை மனசுக்குள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். “வேண்டாம்னு எழுதியிருக்கா. ஆனா ரொம்ப மரியாதையா எழுதியிருக்கா, கேட்டியா.”

யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு சரளா சேச்சிதான் வாய் திறந்தார். “சாரமில்லை மோளே, போகட்டும். போளி நல்லா இருக்கு.”

அடுக்களைக்குள் போய் அழுதேன். கணவர் பின்னாலேயே வந்தார். “அவளுக்கு என்ன தெரியும்? நான் வாசிச்சுட்டுச் சொல்லுகேன்.” அவர் அதுவரை என் நாவலை வாசித்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு வாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழ்ப் பிரதியை உண்மையாகவே வாசித்தார். முடிவில் சொன்னார்: “டெல்லிக்காரியைக் குத்தம் சொல்லாதட்டி. நாலாவது அத்தியாயத்துல நானே உறங்கிட்டேன்.”

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் அந்த அத்தியாயத்தை எடுத்து நானே வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி வந்தது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் நல்ல செய்தியைச் சும்மா சொல்லிவிட முடியாது. போன மாதம் மகள் பெங்களூரிலிருந்து அழைத்து, வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது என்றாள்.

“கடைசி வரி வரைக்கும் வாசிச்சியா மோளே?” என்றார் அவள் அப்பா.

“ரெண்டு தடவை வாசிச்சாச்சுப்பா.”

“அப்போ தெருவை விளிக்கேன்.”