வெள்ளிக்கிழமை கேக்கில் மீன் மணம்

ஐஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டு, பிரான்சில் கோப்பை கழுவி, லண்டனுக்கு வந்து ஈஸ்ட் ஹாமில் இரண்டு பலசரக்குக் கடை, ஒரு வீடு, அதன் பின்வளவில் என் கையாலேயே அடித்த கோழிக்கூடு எல்லாம் எழுப்பியவன் நான். (கூட்டுக்குக் கதவு பிறகுதான் வைத்தேன், ஒரு கோழி ஹை ஸ்ட்ரீட் வரை போய்வந்த பிறகு.) இத்தனை எழுப்பியவன் ஒரு கேக்கால் மகளின் கலியாணத்தைக் குலைக்கப் பார்த்தேன்.

மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள், ஹவுன்ஸ்லோ மிருக வைத்தியருக்குத்தான் ஓம் என்றாள். அவரும் தாய் தகப்பனும் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளியில் எங்கள் ஆட்கள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார்கள். கேக்குக்குள் போன முட்டை மட்டும் மச்சக் கணக்கில் சேராது. ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேக் அடிக்கும்போதே மனைவி சொன்னாள்: "இஞ்சருங்கோ, முட்டை ஒருமாதிரி மணக்குது. கடையிலை இருந்து வேறை கொண்டுவாங்கோ."

"வீட்டு முட்டை அப்பிடித்தான். நீர் கடை முட்டை திண்டு பழகிட்டீர்."

மாப்பிள்ளையின் தாய் ஒரு கடி கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"வெள்ளிக்கிழமையும் மீன் காய்ச்சுறனீங்களோ?"

"வெஸ்ட் ஈலிங் அம்மனாணை இல்லை அக்கா," என்றேன்.

"அப்ப கேக்குக்குள்ளை என்ன, சூடை மீனோ?" என்றார் தகப்பன்.

தாய் கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு எழும்பினார். மகள் என்னைப் பார்த்தாள். அடுப்படி வாசலில் நின்ற மனைவியும் பார்த்தாள்.

மாப்பிள்ளை மட்டும் இன்னொரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார். "அங்கிள், கோழிக்கு என்ன தீன்?"

"ரேப்சீட் பிண்ணாக்கு, தம்பி." (கடுகுச் சாதி விதை. சத்தானது என்று நானே தெரிந்தெடுத்தது.)

"மண்ணிற முட்டை இடுற கோழியளோ?"

"ஓம், ஆறும்."

"சிலதுக்குப் பிறப்பிலையே ஒரு ஜீன் மாறியிருக்கும். இந்தத் தீனாலை வாற மீன் மணத்தை மற்றக் கோழியள் உடம்புக்குள்ளையே அழிச்சுப்போடும். இதுகளுக்கு ஏலாது. அது முட்டைக்குள்ளை போயிடும்."

"பொம்பிளை வீட்டுக்காக இப்பவே கதை கட்டாதை," என்றார் தாய்.

கூட்டில் கோழிக்கு ஒன்றாய் அன்றைய ஆறு முட்டைகள் கிடந்தன. அவித்து ஒவ்வொன்றாய் உடைத்தோம். ஓட்டுக்குள் நான் மீன் வைக்க ஏலாதுதானே. கைப்பையைக் கழற்றாமலே தாய் மோந்துகொண்டே போனார். ஐந்தில் ஒன்றுமில்லை. ஆறாவதில் மூக்கைப் பொத்தினார். பிறகு கைப்பையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார்.

"தேத்தண்ணி போடுங்கோ. கேக் வேண்டாம்."

போன உயிர் அப்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது. அடுத்தநாளே தீனை மாற்றினேன், மணமும் போய்விட்டது.

இன்றைக்கும் எந்த விசேஷத்தில் கேக் வெட்டினாலும், "சம்பந்தி, சூடை புதுசோ?" என்பார் மாப்பிள்ளையின் தகப்பன். கலியாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மகள் அந்தக் கோழியின் படத்தை ஒட்டியிருக்கிறாள். கலியாணத்தைக் காப்பாற்றியது மருமகனின் படிப்பாம். இருக்கட்டும். ஆனால் கோழியைத் தெரிந்தெடுத்தவன், கூடு அடித்தவன், தீன் வாங்கியவன் யார்? அந்தப் படத்துக்குக் கீழே என் பெயரையும் எழுதத்தான் வேண்டும்.