அப்பா கையில் கட்டிவிட்ட தூக்கம்

கல்மண்டபம்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய திருமலை மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் வெற்றி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, தங்கை மலர், படகு, எஞ்சின் அனைவரும் நலம். உங்கள் நலத்தை விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். போன் செய்யாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவீர்கள். எர்ணாவூர் குப்பம் முழுக்கக் கேட்கும்.

சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். எனக்குத் தூக்கம் இல்லை. அம்மா நான் இரவெல்லாம் படிப்பதாக நினைக்கிறாள். நான் போன் பார்க்கிறேன். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மற்றவர்களும் தூங்கவில்லை என்று தெரியும், அவ்வளவுதான். அது ஒரு துணை. போன மாதம் கல்லூரிக்குத் திருவொற்றியூரில் இறங்க வேண்டியவன் பஸ்ஸில் தூங்கி எண்ணூர் போய்ச் சேர்ந்தேன். "இன்னா நைனா, வூட்ல பாய் இல்லியா?" என்று கண்டக்டர் எழுப்பினார். திரும்பி வரும் பஸ்ஸிலும் தூங்கிவிட்டேன், கல்மண்டபம் வந்துவிட்டது, வீட்டுக்கே போய்விட்டேன். அதற்கு அடுத்த வாரம் வகுப்பில் நான் பேச வேண்டிய முறை. எழுந்து நின்று, "ஆகவே" என்று ஆரம்பித்து, நின்றபடியே தூங்கியிருக்கிறேன். பேராசிரியர் நான் யோசிப்பதாக நினைத்து இரண்டு நிமிடம் காத்திருந்தாராம். அப்புறம் கரும்பலகையில் சாய்ந்தேன். தூக்கிக்கொண்டு போனார்கள்.

கல்லூரி மருத்துவர் ரஹீமுன்னிசா மேடம். அறைக்கு வெளியே பெஞ்சில் என் வகுப்பில் பாதி உட்கார்ந்திருந்தது. அலி அக்பருக்கு இடது கண் துடித்துக்கொண்டே இருக்கிறது. ராத்திரி ஒரு மணி வரை சோறு டெலிவரி. சௌமியாவுக்கு மூன்று மாதமாகச் சளி. நோயாளி என்று சொல்ல ஒருவரும் இல்லை. நலம் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. எனக்கு பிரஷர் பார்த்துவிட்டு மேடம் கருவியைத் தட்டினார். மறுபடி பார்த்தார். "ரிட்டயராகப் போற எனக்கே இவ்ளோ இல்லப்பா. உனக்கு வியாதி ஒண்ணும் இல்ல. வியாதிக்கு நீயே எடம் புடிச்சு வச்சிருக்க" என்றார். மறதி, கை நடுக்கம், எடுத்ததற்கெல்லாம் கோபம், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சொன்னார். தூங்கு.

இப்போது முக்கியமான இடம். காலை வகுப்புக்கு எழ முடியாமல் என் வருகை அறுபத்திரண்டு சதவீதம். எழுபத்தைந்து இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடையாது, ஒரு வருடம் போய்விடும். மேடம் சான்றிதழ் கொடுத்தால் தேர்வு எழுதலாம். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கையில் கட்ட ஒரு ரப்பர் பட்டை கொடுத்தார். எவ்வளவு நேரம் தூங்குகிறோம், மூச்சு எப்படி என்று அதுவே குறித்துக்கொள்ளும். ஏழு இரவு, ஆறாறு மணி நேரம். காட்டினால் கையெழுத்து.

கட்டிக்கொண்டு படுத்தேன். தூங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம். "அத்த அப்பா கைல கட்டி வுடு. போட்டுல அவரு மாரி யாரு தூங்குவா?" என்றாள் மலர். அப்பாவும்தான் வருஷக்கணக்காகச் சொல்கிறார், கடல்ல வர்ற தூக்கம் வூட்ல வராது என்று. சாயங்காலம் போய் வலையை விட்டால் விடிந்துதான் இழுக்க வேண்டும், நடுவில் என்ன வேலை? அப்பாவிடம் சொன்னேன். "தூங்கினா பாஸ் போடுவாங்களா? நல்ல காலேஜுடா" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வலை இழுப்பவர்கள் கையில் மோதிரம், கயிறு எதுவும் இருக்கக்கூடாது, கண்ணியில் மாட்டினால் விரலோடு போய்விடும். அதனால் வலையை விட்ட பிறகு கட்டுவதாகச் சொன்னார். படகில் எஞ்சின் பிடிக்கும் ஆள் கல்யாணத்துக்குப் போக, நீங்கள் வந்து பிடித்தீர்களே, அந்த வாரம்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஏழாம் நாள் பட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு இரவும் ஆறு மணி நேரத்துக்குக் குறையவில்லை. மேடம் பேனாவை எடுத்தார். கீழே இன்னொரு கட்டத்தைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டார். "தம்பி, தூக்கத்துல உனக்கு மூச்சு நின்னு நின்னு வருது. மணிக்கு முப்பத்தெட்டு தடவ. ஆக்ஸிஜன் எண்பதுக்குக் கீழ போவுது. இப்படியே வுட்டா இதயம் தாங்காது. திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், வூட்ல சொல்லி யாரையாச்சும் கூட்டிட்டு வா." சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார். இரக்கத்தில். அந்தக் காகிதம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. மூச்சு என்னுடையது அல்ல. அதைச் சொன்னால் காகிதம் போகும். சொல்லாமல் விட்டால் அப்பாவின் இதயம் தாங்காது. மூன்று நாள் யோசித்தேன். இதிலும் தூக்கம் போனது.

நாளைக் காலை மேடமிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். முடிவு செய்துவிட்டேன். ஆனால் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்னால் ஆகாது. ஊசியைக் கண்டால் கடலுக்கு ஓடுகிற ஆள். அவர் உங்கள் பேச்சைத்தான் கேட்பார். மேலும் ஏழு இரவு அவர் பக்கத்தில் படுத்திருக்கிறீர்கள். மூச்சு நிற்பதை நீங்கள் கவனித்திருக்க வேண்டும் மாமா. கவனிக்கவில்லை என்றால், வருத்தப்படாதீர்கள், அது உங்கள் குறைதான். ஞாயிறே வந்துவிடுங்கள். ஏதாவது பொய் சொல்லிக் கிளப்புங்க. அம்மாவுக்குத் தெரிய வேணாம், பேஜாராயிடும்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகள் நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுந்து, என்னைப் போல் ஆகாமல் வளர என் ஆசி, அதற்கு எனக்கு வயது போதுமென்றால்.

தங்கள் மருமகன்,
வெற்றி

பி.கு.: உறையை ஒட்டும்போது அப்பா வந்துவிட்டார். யாருக்கு என்றார். உங்களுக்கு என்றேன். என்னவென்று கேட்டார், பொய் வரவில்லை, சொல்லிவிட்டேன். "நான் எங்கடா கட்னேன்?" என்றார். "கட்டிக்கினு வலைய இழுக்கறப்போ அவுக்க மறந்துட்டா இன்னா ஆவறது? எஞ்சின் புடிக்கிறவன் வலைய தொட மாட்டான்ல. உங்க மாமன் அவன்பாட்டுக்கு தூங்கிக்கினு இருந்தான். அவன் கைல கட்டி வுட்டேன், வெடிஞ்சா அவுத்துக்குவேன். அவனுக்கே தெரியாது." ஏழு இரவுமா என்று கேட்டேன். ஏழும்தானாம். மூச்சு நிற்பதும் அப்பாவுக்குத் தெரியுமாம். "நின்னா காலால ஒரு ஒத வுடுவேன். திரும்ப வந்துரும். அதுக்கோசரம்தான் அந்த வாரம் நான் கண்ண மூடல."

ஆகவே மேலே அப்பாவைப் பற்றி எழுதியதையெல்லாம் உங்களைப் பற்றி என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். கவனிக்காதது உங்கள் குறை என்ற வரியை அடித்துவிடவும். திங்கள் காலை பத்து மணி. வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம். அப்பா ஞாயிறு ராத்திரியே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். நீங்கள் தூங்குங்கள், அவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்.